வடிவம் என்ற ஒரு சொல் போதுமா?

ஷேப், ஃபார்ம், புரொஃபைல் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் ‘வடிவம்’ என்றே எழுதிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கதை எழுதுவோருக்கு இதனால் நட்டமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் செல்லும் தமிழ்வழி மாணவருக்கு நட்டம் உண்டு.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் கார் உற்பத்தி தொடங்கியது. கார் உறுப்புகளைச் செய்யும் ஆலைகளும் அங்குப் பெருகின. அவற்றில் வரைபடமே சட்டம். வரைபடத்தில் ஷேப் என்பது பொருள் வட்டமா, சதுரமா என்பதைக் குறிக்கும். ஃபார்ம் என்பதோ, செய்த பொருள் அந்தச் சரியான வட்டத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பைக் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல.

இதை ஓர் அட்டையைக் கொண்டே சோதிக்கலாம். சமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள். ஒவ்வொரு முனையையும் மையமாகக் கொண்டு, மற்ற இரு முனைகளையும் இணைக்கும் வில்லை வரைந்து, அந்த உருவை வெட்டி எடுங்கள். இரண்டு இணையான அளவுகோல்களுக்கு இடையே அதைச் சுழற்றினால், எப்பக்கம் திருப்பினாலும் அகலம் மாறாது. ஆயினும் அது வட்டமன்று! ஜெர்மன் பொறியியலாளர் ரூலோ பெயரால் இவ்வுரு வழங்குகிறது. சென்டர்லெஸ் கிரைண்டிங் முறையில் தேய்த்த தண்டுகளில் இத்தகைய குறை தோன்றுவதுண்டு. மைக்ரோமீட்டரால் விட்டத்தை மட்டும் அளப்பவர் ‘சரி’ என்பார். வீ-பிளாக்கில் வைத்துச் சுழற்றினால் டயல் கேஜின் முள் அசைந்து குறையைக் காட்டிவிடும். ‘வடிவம் வட்டம்’ என்று மட்டும் படித்த மாணவருக்கு இந்த இரண்டாவது சோதனை ஏன் என்பதே விளங்காது.

‘அச்சு’ என்ற சொல்லின் நிலை இன்னும் மோசம். கணிதத்தில் அச்சு, வண்டியில் அச்சு, வார்ப்பிலும் அச்சு, தகட்டை அழுத்திக் கதவாக்கும் டையும் அச்சு!

‘தட்டை’, ‘மட்டம்’ என்பவையும் கலந்துவிடுகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடி ஆலை இருக்கிறது. மிதவை முறையில் உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் பரவுகிறது. திரவப் பரப்பு கிடைமட்டமாக நிற்பதால் கண்ணாடியும் சமதளமாகிறது. அங்கே மட்டமும் சமதளமும் ஒன்றுபோலத் தோன்றும். அதே கண்ணாடியைச் சன்னலில் நிமிர்த்திப் பொருத்திய பின் சமதளம் இருக்கிறது, மட்டம் இல்லை. கொத்தனாரின் ரசமட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியும். நம் பாடநூலுக்கும் தெரிய வேண்டாமா?

ஆங்கிலச் சொற்களையே வைத்துக்கொள்ளலாம் என்பர் சிலர். ஆங்கிலத்திலும் ஃபார்ம் என்பது விண்ணப்பப் படிவத்தையும் குறிக்கிறது. தமிழில் எழுதினாலோ பண்ணையும் சேர்ந்துகொள்கிறது. குறை மொழியினுடையதன்று. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பதே குறை. அளக்கும் செயலைப் பார்த்துச் சொல் வைத்தால் தீர்வு எளிது. ஷேப் வடிவம், ஃபார்ம் காட்டும் விலகல் வடிவப் பிறழ்ச்சி, புரொஃபைல் புறவரை எனலாம். கணிதத்துக்கு அச்சு, வண்டிக்கு இருசு, வார்ப்புக்கு வார்ப்பச்சு என்று பிரிக்கலாம். தொழிலாளர் நாவில் பழகிய ‘டை’ அப்படியே இருக்கட்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரப் பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அத்தகைய வகுப்புகளுக்கு நூல் எழுதுவோர், எழுதும் முன் ஒருநாள் பட்டறையின் சோதனை மேசையருகே நிற்பது நல்லது.