அநவதிகம் என்னும் அடைமொழி

ஸ்ரீபாஷ்யகாரர் எம்பெருமானுடைய கல்யாணகுணங்களை அநுஸந்திக்குமிடங்களில் அநவதிகாதிசயம், அஸங்க்யேயம் என்னும் இரண்டு அடைமொழிகளைச் சேர்த்து இடுவது பெருவழக்கு. தற்காலத் தமிழாக்கங்களில் இவ்விரண்டுக்கும் 'அளவற்ற' என்ற ஒரே சொல்லை இட்டு மேலே சென்றுவிடும் வழக்கம் காணப்படுகிறது. அங்ஙனமாயின் கூறியது கூறல் என்னும் குற்றம் மூலத்துக்கே வந்து சேரும்.

அஸங்க்யேயம் தொகையைப் பற்றியது: குணங்கள் இத்தனை என்று எண்ணி முடியாது. அநவதிகமோ குணங்களின் தொகையைச் சொல்ல வந்ததன்று, அதிசயத்துக்கு அடைமொழி. ஒரு குணத்தை மாத்திரம் தனித்தெடுத்தாலும் அதன் உயர்வுக்கு மேலெல்லை இல்லை என்பது அதன் பொருள். அவதியாவது எல்லை. (இன்று திருச்சிராப்பள்ளி வீதிகளில் 'அவதி' என்றால் துன்பம் என்றே கொள்வர், அப்பொருளை இங்கே ஏற்றி, 'துன்பமற்ற' என்று உரைப்பது பொருந்தாது.)

இப்பொருளுக்கு மூலம் ஆளவந்தாரிடமே உள்ளது. ஸ்தோத்ரரத்நத்தின் 19ஆம் ச்லோகத்தில், தைத்திரீயத்தின் ஆனந்தவல்லி மனுஷ்யானந்தம் தொடங்கி நூறு நூறாகப் பெருக்கி நான்முகன் வரை ஏறியதை எடுத்துக்கொள்கிறார். வேதவாக்குகள் அந்நான்முகனுக்கும் மேலே மேலே புருஷர்களைக் கல்பித்து, ஒவ்வொரு குணத்தின் அவதியையும் காண விரும்பி, தொடங்கிய முயற்சியைக் கடவாமல் நிற்கின்றன என்பது அங்குள்ள கருத்து. அவதி என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. எண்ணிக்கைக்கு அங்கு இடமே இல்லை. பேச்சு ஒரே குணத்தின் எல்லையைப் பற்றியது.

சரணாகதனுக்கு இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. குணங்கள் எண்ணிறந்தவையாயிருந்தும், க்ஷமை என்னும் ஒரு குணம் எல்லையுடையதாயிருந்தால், தன் அபராதம் அவ்வெல்லையைத் தாண்டியதோ என்னும் அச்சம் அவனை விடாது. எண்ணிறந்தவை என்ற ஒன்றே இவ்வச்சத்தைப் போக்காது. அநவதிகம் என்றதே போக்கும்.

உபநிஷத்தின் அநந்தம் என்னும் சொல்லோடும் இதைக் கலக்கலாகாது. அது தேச, கால, வஸ்து பரிச்சேதங்கள் இன்மையைச் சொல்லி ஸ்வரூபத்தைக் காட்டுவது. வஸ்துபரிச்சேதம் இல்லை என்றதற்கும், அனைத்தும் அவனுக்கு சரீரமாகையாலே எல்லாச் சொற்களும் அவனளவும் செல்லும் என்பதே ஸித்தாந்தம்; வேறு பொருளே இல்லை என்பதன்று.

சரணாகதிகத்யத்தில் இவ்வடைமொழிகள் முதற்சூர்ணிகையிலேயே பிராட்டி விஷயமாக அமைந்துள்ளன. அங்கும் அவை குணகணத்தோடு அந்வயிப்பன. பிராட்டியின் ஸ்வரூபம் அணுவா விபுவா என்னும் விசாரத்தை இவ்வொரு சொல்லைக் கொண்டு எப்பக்கத்தாரும் முடித்துவிட முயல்வது சொல்லின் சக்திக்கு மீறியது.

ஆண்டுதோறும் பங்குனி உத்தரத்தன்று திருவரங்கத்தில் சேர்த்தித் திருக்கோலத்தின் முன்னே கத்யத்ரயம் சேவிக்கப்படுகிறது. அதற்குத் தமிழில் பொருள் எழுதுவோர் அஸங்க்யேயத்துக்கு 'எண்ணிறந்த' என்றும், அநவதிகாதிசயத்துக்கு 'ஒவ்வொன்றும் தன் உயர்வுக்கு எல்லையில்லாத' என்றும் எழுதுவது தகும். பின்னது சிறிது நீளமாயினும், திருவாய்மொழியின் முதற்சொல்லான 'உயர்வற' என்பதற்கு அதுவே அணித்தாகும்.