கட்டிக் கொடுத்த வீடும் கட்டிக்கொண்ட வீடும்

வாலாஜாபாத்தைச் சுற்றி அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச்சத்தம் இன்னும் அடங்காத ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பட்டு நெசவாளிக்கு வீடு என்றால் முதலில் தரையில் குழி வெட்ட இடம் வேண்டும். குழித்தறியின் மிதிகள் அதற்குள்தான் இருக்கும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏறும். அதற்குக் கூரை உயரம் வேண்டும். கோர்வைச் சேலை நெய்தால் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பாவு நீட்டத் தெரு நேராகவும் நீளமாகவும் அமைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் வேலை நின்றுபோகும், கூலியும் நின்றுபோகும். ஆகவே மனை மேட்டில் இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டை ஒதுக்கினால் என்ன ஆகும்? கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலேதான் குழி வெட்ட வேண்டும்.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் தொண்டு நிறுவனங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் சாவி கொடுக்கும் படம்தான். எத்தனை வீடு, எத்தனை லட்சம், யார் ரிப்பன் வெட்டினார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து எந்த நிறுவனத்தையும் மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம். நான்கு கேள்விகள் போதும். வரைபடத்தை முடிவு செய்தது யார்? பணம் யார் கையில் இருந்தது? பத்திரம் யார் பேரில் இருக்கிறது? குடிவந்து சில வருஷம் கழித்துத் தளம் ஒழுகும்போது அந்த நிறுவனத்தின் ஆள் ஊருக்கு வருகிறாரா?

இவற்றை உரசிப் பார்க்கத் தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பிந்தைய மறுகட்டுமானத்தைவிடப் பெரிய களம் கிடையாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறியது. 2005 மார்ச் 30-இல் அரசாணை 172 வந்தது. நிலத்தை அரசு கொடுக்கும், தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுக்கும், வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பு என்பது ஏற்பாடு. கடலோரத்தில் 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அதைத் தாண்டிப் போகச் சம்மதித்தால் புது வீடு. பழைய இடத்திலேயே இருப்போம் என்றால் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. போகிறவர்கள் பழைய மனையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும் என்றது அந்த ஆணையின் மெச்சத்தக்க பகுதி. ஆக, மூன்றாவது கேள்விக்கு அரசு ஓரளவு நல்ல பதில் சொல்லியிருந்தது. முதல் இரண்டையும் தொண்டு நிறுவனங்களிடம் விட்டுவிட்டது.

அவர்களில் பலர் செய்ததை ஜெனிஃபர் டுயின் பாரென்ஸ்டைன் என்ற மானுடவியல் ஆய்வாளர் நாகப்பட்டினம் கரையோர ஊர்களில் தங்கி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒப்பந்தக்காரரின் வசதிக்காக மனையிடத்தை மொட்டையாக்கினார்கள். பல வருஷம் நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டன. அலை தொடாத நல்ல வீடுகளைக்கூட இடித்துவிட்டு அங்கேயே ஒரே அச்சில் கான்கிரீட் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். தட்டைத் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவெல்லாம் வீட்டுக்குள் இறக்கியது. திண்ணை போயிற்று. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். மீன் காயவைப்பது, வலை சரிபார்ப்பது, குழந்தையைத் தூங்கவைப்பது, பக்கத்து வீட்டோடு பேசுவது எல்லாமே மரத்தடியில் நடந்தவை. நன்கொடையாளரின் அறிக்கையில் மரத்துக்குக் கட்டம் இல்லாததால் இழப்புக் கணக்கிலும் அது வரவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தற்காலிகக் கொட்டகையில் வேகும் ஜனங்களுக்கு அவசரம் உண்டு. நன்கொடைக்கும் கெடு உண்டு. ஒருவருக்குப் பெரியது, ஒருவருக்குச் சின்னது என்றால் ஊரில் சண்டை வரும் என்று பயந்து, எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்துகளே சொன்ன இடங்கள் உண்டு. இந்த வாதங்கள் பொய்யல்ல. ஆனால் 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அரசு உதவித்தொகையைத் தவணையாக வாங்கித் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். நான்கே வருஷம் முந்திய அந்த முன்மாதிரி கண்ணெதிரே இருந்தும் நம் கடற்கரைக்கு ஒப்பந்தக்காரரை அனுப்பினோம் என்பதற்கு அவசரம் மட்டும் காரணமாக முடியாது. கட்டுகிற உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பேர்தான் பலகையில் ஏறும்.

இதே கரையில் ஒரு விலக்கும் உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வீடு கட்டியது. கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ். லாரி பேக்கரிடம் பயின்றவர். 1993 லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் மறுகட்டுமானம் செய்தவர். குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, ஒரே அச்சைத் திணிக்காமல், பல வரைபடங்களிலிருந்து அவர்களே தேர்ந்தெடுக்கும்படி செய்தார்கள். பணமும் கட்டுமானமும் நிறுவனத்திடமே இருந்தன. ஆனாலும் வரைபடத்தில் குடும்பத்துக்குப் பங்கு கிடைத்தது.

ஏன் இவர்களால் முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மனசு நல்ல மனசு என்று முடித்துவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில். இந்தக் கூட்டமைப்பு 1980-இலிருந்து மீனவரின் மீன் விற்பனை, கடன், படகு எஞ்சின் என்று அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் இருப்பது. வீடு கட்டி முடித்தபின்னும் அதே மீனவரை எதிர்கொண்டாக வேண்டும். சுவர் வெடித்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார் என்ற நிலையே தரத்துக்குக் காவல். சுனாமிக்காக வந்து சுனாமிப் பணம் தீர்ந்ததும் போய்விட்ட நிறுவனங்களுக்கு அந்தக் காவல் இல்லை. தரங்கம்பாடி முறைக்குக் குறையும் உண்டு: வீட்டுக்கு வீடு பேசிக் கட்டினால் மாதங்கள் நீளும், திறமையான கட்டடக் கலைஞர் ஒருவர் கிடைத்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் அந்த முறை நிற்குமா என்பது சந்தேகமே.

பணத்தையே குடும்பத்தின் கையில் கொடுத்தால்? அதற்கு ஈழத்துக்குப் போக வேண்டும். போருக்குப் பிறகு இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவி அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் முன்னோட்டமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. வடக்கு, கிழக்குக்கான பெரிய கட்டம் 2012 அக்டோபர் 2-இல் தொடங்கியபோது முறை தலைகீழாக மாறியிருந்தது: ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக நேரே வங்கிக் கணக்கில். அஸ்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது. செங்கல்லை வாங்குவதும் மேசனை அமர்த்துவதும் குடும்பத்தின் பொறுப்பு.

இதைக் களத்தில் நடத்திய அமைப்புகளில் ஒன்று ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. 1976-இல் அமெரிக்காவில் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கிய தொண்டு நிறுவனம். வீடு பெறுகிறவரும் உடலுழைப்பைத் தர வேண்டும் என்பது அதன் பழைய கொள்கை. தன்னார்வலர்கள் திரண்டு வந்து சுவர் எழுப்புவது அதன் அடையாளம். 2006-இல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே லோனாவாலா பக்கம் மலவ்லி கிராமத்துக்கு வந்து கரண்டி பிடித்தார். அவர் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் நாட்டில் மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் எப்போது பஞ்சம் வந்தது? விமானச் செலவைச் சிமெண்டாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அதே நிறுவனம் இலங்கையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அஸ்திவார ஆழத்தைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப உதவியாளராக, தவணைக்குச் சான்று தருபவராக, வழிகாட்டியாக நின்றது. அங்கேதான் அதன் பயன் அதிகம் என்பேன்.

இந்த முறைக்கும் பழுது உண்டு, சின்னதல்ல. விலைவாசி ஏற, ஐந்தரை லட்சத்துக்குள் வீடு அடங்கவில்லை. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் முடித்த குடும்பங்கள் ஏராளம். ஆண்துணை போரில் போய்விட்ட வீடுகளில், மண் சுமப்பதிலிருந்து கடைக்காரரிடம் பேரம் பேசுவது வரை எல்லாமே ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. நீயே கட்டிக்கொள் என்பது சிலருக்கு உரிமை, சிலருக்குத் தண்டனை. ஆனாலும் பின்னால் 2016 வாக்கில், 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைச் சுமார் இருபத்தொரு லட்சம் ரூபாய் வீதம் ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்திடம் வாங்கலாம் என்று இலங்கை அரசு கிளம்பியபோது, வெயிலுக்கும் ஊருக்கும் ஒவ்வாத வீடு என்று கடும் எதிர்ப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. கல்லால் கட்டிக்கொள்ளும் முறையைத் தமிழர்கள் ஏற்கெனவே கண்டிருந்ததால்தான் அந்த எதிர்ப்புக்கு வலு இருந்தது.

பத்திரக் கேள்விக்கு வருவோம். 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைப் பகுதிக்குப் போன கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி, 1981-இல் உழுபவரின் விடுதலைக்கு நிலம் என்ற நோக்கோடு லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களோடு பேசி விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து, நிலத்தைத் தலித் பெண்களின் பேரில் பதிந்தார்கள். குடிசையைக் கல்வீடாக மாற்றும் வேலை அதற்குப் பிறகு வந்தது. வரிசை சரியான வரிசை. மண் தன் பேரில் இல்லாதவளுக்குக் கட்டித் தரும் வீட்டை எவர் வேண்டுமானாலும் ஒருநாள் காலி செய்யச் சொல்லலாம்.

கடைசிக் கேள்வி, குடியிருப்போருக்குத் துணை நிற்பது. இந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு ஒரு எச்சரிக்கை வருகிறது. சென்னையின் குடிசைப் பகுதி மக்களை 2000-இலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே மாலைப் பள்ளி, தையல் பயிற்சி, ஆலோசனை மையம் என்று தொண்டு நிறுவனங்கள் உண்மையாகவே உழைக்கின்றன. ஆனால் நகரத்துக்குள் நாலு வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு அந்த நாலு வீடும் எட்டாத தூரமாகிவிட்ட பிறகு, தையல் பயிற்சி எதை ஈடுகட்டும்? இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தத் தப்பின் விளைவுகளைப் பராமரிப்பதற்குத் துணை என்று பேர் சூட்டக் கூடாது. இடம் சரியாக இருந்தால் மட்டுமே துணைக்கு மதிப்பு.

இந்தச் சோதனைகளோடு வாலாஜாபாத்துக்குத் திரும்பினால் படம் தெளிவாகிறது. இங்கே வீட்டுக்குப் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் ஊரகப் பகுதியில் குறைந்தது 25 சதுர மீட்டர் கேட்கிறது. நெசவாளிக்குத் தறிக்கூடம் கட்ட மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் உண்டு. வாலாஜாபாத் ஒன்றியத்துக்குள்ளேயே ஊத்துக்காட்டில் இருளர் குடும்பங்களுக்கு அரசே குடியிருப்பு கட்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் தங்குமிடம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆலைக்கு ஆள் வேண்டும் என்றால் அறை எவ்வளவு வேகமாக எழும்புகிறது பாருங்கள்.

நெசவாளிக்குக் குறைவது வேறு. வீட்டுப் பணம் ஒரு துறையில், தறிக்கூடப் பணம் இன்னொரு துறையில். இரண்டையும் ஒரே மனையில் ஒரே வரைபடமாக்க யாரும் இல்லை. முதல் தவணை வருவதற்குள் அஸ்திவாரம் தோண்டக் கையில் காசு இல்லை. வட்டிக்காரர் அங்கேதான் நுழைகிறார். பாட்டன் பேரில் கிடக்கும் மனைக்குப் பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்கு நடப்பதென்றால் அன்றைய நெசவு போகும். பழைய வீட்டை இடித்துக் கட்டும் மாதங்களில் தறியை எங்கே போடுவது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வாலாஜாபாத் போன்ற ஊருக்குக் குடியிருப்பு கட்டித் தர ஒரு தொண்டு நிறுவனம் வந்தால், செங்கல் வாங்குவதற்கு முன்னாலேயே அதை நிறுத்த வேண்டும். அது கட்ட வேண்டியது வீடு அல்ல. பட்டாவுக்கு அலைய ஓர் ஆள், தவணைக்கு முன்பணமாகச் சுழலும் ஒரு நிதி, குழித்தறிக்கு ஏற்ப வரைபடம் போடும் ஒரு பொறியாளர், கட்டும் மாதங்களில் தறி போட ஒரு பொதுக்கூடம், கட்டி முடித்தபின் குறைந்தது ஐந்து வருஷம் திறந்திருக்கும் ஓர் அலுவலகம்: இவ்வளவுதான் அதன் வேலை. கண் மங்கித் தறியை விட்டுவிட்ட முதியவர்கள், தனியே நிற்கும் பெண்கள் ஆகியோருக்கு மட்டும் முழுதாகக் கட்டிக் கொடுக்கலாம். அதையும் அவர்களைக் கேட்டு. நன்கொடை கொடுக்கும் வாசகர்கள், எத்தனை வீடு கட்டினீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் இன்று எத்தனையில் முதலில் குடிவந்த குடும்பமே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.