பதினைந்து விழுக்காட்டு நியாயம்

சிறப்பு ஒலிம்பிக்கின் மாநிலப் போட்டி முடிவுப் பட்டியலை முதன்முறை பார்ப்பவருக்கு அச்சுப்பிழையோ என்ற சந்தேகம் வரும். ஒரே 100 மீட்டர் ஓட்டம், ஒரே வயதுப் பிரிவு, ஓடியவர்கள் எல்லோரும் ஆண்கள். ஆனால் தங்கம் பத்துப் பேருக்குப் போயிருக்கும். ஒருவர் 15 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியிருப்பார். இன்னொருவர் 40 விநாடியில் வந்து அதே தங்கத்தை வாங்கியிருப்பார். 16 விநாடியில் வந்த ஒருவரோ நான்காம் இடத்துக்கான ரிப்பனோடு பஸ் ஏறியிருப்பார். இது விளையாட்டுப் போட்டியா, பரிசளிப்பு விழாவா?

இப்படிக் கேட்கவே பலரும் கூசுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஓடுகிறார்கள் என்றாலே நிருபர்கள் புன்னகையைப் பற்றி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். எந்த விளையாட்டுப் பக்கத்திலும் நேரக்கணக்கு இல்லாமல் ஓட்டப்பந்தயச் செய்தி வராது; இங்கே மட்டும் வரும். அந்தச் சலுகையை நான் மரியாதைக் குறைவாகவே எண்ணுகிறேன். போட்டி என்று பெயர் வைத்தால் அதைப் போட்டியாகத்தான் எடைபோட வேண்டும்.

எடைபோட அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த இயக்கத்தின் முதல் போட்டி நடந்தது அந்த மாநிலத்தில்தான். 1962இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் மேரிலாண்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காகக் கோடை முகாம் தொடங்கினார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அந்தக் குறைபாடு இருந்தது. 1941இல், 23 வயதில், மூளையில் செய்த அறுவை சிகிச்சை அவரை முற்றிலும் முடக்கிப்போட்டது. சிகாகோ பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஆன் பர்க் என்ற இளம்பெண் நகர அளவில் ஒரு தடகளப் போட்டி நடத்தக் கென்னடி அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். நகரத்தோடு ஏன் நிறுத்த வேண்டும் என்றார் அந்த அறக்கட்டளையை நடத்திவந்த யூனிஸ். 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் ஆயிரம் பேர் வந்து ஓடினார்கள், நீந்தினார்கள். அவ்வளவு பெரிய அரங்கின் இருக்கைகள் ஏறக்குறையக் காலி. ஆன் பர்க் பிற்காலத்தில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார்.

இன்று இல்லினாயின் கோடைக்கால மாநிலப் போட்டி ஜூன் மாதத்தில் நார்மல் நகரத்தில், பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது. தடகளம், நீச்சல், வலுதூக்குதல், பாச்சி எனும் பந்துருட்டு ஆட்டம் என்று ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். உள்ளூர்ப் போட்டி, வட்டாரப் போட்டி என்று படிகள் ஏறித்தான் இங்கே வர முடியும். வீரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. போட்டிக்கு முன் குறைந்தது எட்டு வாரப் பயிற்சி வேண்டும் என்பது விதி. போலீஸ்காரர்கள் தீபம் ஏந்தி ஓடி நிதி திரட்டுகிறார்கள். 1981இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கிய வழக்கம் அது.

இனி அந்தப் பத்துத் தங்கத்துக்கு வருவோம். வீரர்களைப் பாலினம், வயது ஆகியவற்றால் பிரித்த பிறகு மூன்றாவதாக ஒரு கத்தி விழுகிறது: திறன். முன்சுற்று ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். ஒத்த நேரம் உள்ளவர்களை ஒரு பிரிவாகச் சேர்ப்பார்கள். ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, எட்டுப் பேருக்கு மிகக் கூடாது. பிரிவின் முதலாமவருக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது வழிகாட்டும் அளவு. வேகமானவர் 20 விநாடி என்றால் மெதுவானவர் 23 விநாடிக்குள் இருக்க வேண்டும். இதைத்தான் டிவிஷனிங் என்கிறார்கள்.

இதைக் கருணை என்று நினைப்பவர்கள் குத்துச்சண்டையை யோசித்துப் பார்க்கட்டும். 50 கிலோ வீரரை 90 கிலோ வீரரோடு மோதவிட்டால் அதை யாரும் பந்தயம் என்று சொல்ல மாட்டார்கள். எடைப்பிரிவில் வாங்கிய தங்கத்தை யாரும் இரக்கத் தங்கம் என்றும் சொல்வதில்லை. அறிவுசார் குறைபாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு எடை வேறுபாட்டைவிடப் பெரியது. ஒருவர் மாரத்தான் ஓடுவார். இன்னொருவருக்குத் தடத்தைவிட்டு விலகாமல் 50 மீட்டர் போவதே பெரும்பாடு. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் யார் ஜெயிப்பார் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். முடிவு முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் பந்தயத்துக்கு உயிர். டிவிஷனிங் அந்த உயிரை 40 விநாடிக்காரர்களின் ஓட்டத்துக்கும் கொடுக்கிறது. அங்கேயும் கடைசிப் பத்து மீட்டரில் முந்துவதும் பிந்துவதும் நடக்கிறது. தோற்றவர் தோற்றதற்காக அழுகிறார். தோல்விக்கு வழியில்லாத இடத்தில் அந்த அழுகை வராது.

நம்மூரில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் போட்டிகளை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறைபாட்டின் வகை, வயது, ஆண் பெண் என்று பிரிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் குறைபாடு லேசாக உள்ள பிள்ளைதான் ஆண்டுதோறும் எவர்சில்வர் பாத்திரம் வாங்கும். கடுமையாக உள்ள பிள்ளை ஆண்டுதோறும் கைதட்டல் வாங்கும். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் ஒரு ஸ்டாப்வாட்சும் முந்தின நாள் காலையும் செலவழித்திருந்தால் அந்தக் கைதட்டல் வாங்கும் பிள்ளையும் ஒரு பந்தயம் ஓடியிருக்கும்.

டிவிஷனிங்கில் ஓட்டை இல்லையா? இருக்கிறது, அதுவும் நடுவாசலிலேயே. முன்சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் மெதுவான பிரிவில் விழலாம். இறுதியில் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் தங்கம். இதைச் செய்யும் யோசனை வீரருக்கு வருவது அரிது, பயிற்சியாளருக்கு வரலாம். பதக்கத்துக்கு அரசுகள் பணப்பரிசு அறிவிக்கும் நாட்டில் வரவே வராது என்று சொல்ல முடியாது. இதற்கு மாற்றாக உச்சமுயற்சி விதி வைத்திருக்கிறார்கள்: முன்சுற்றைவிட இறுதியில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் வேகமாக ஓடினால் தகுதிநீக்கம்.

இந்த விதிதான் எனக்கு உறுத்துகிறது. முதன்முறை வெளியூர் வந்து, விடுதியில் தூக்கம் வராமல், துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்டு முன்சுற்றில் நின்று நின்று ஓடிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பழகிவிட்டாள், பறக்கிறாள். வாழ்க்கையிலேயே நன்றாக ஓடிய நாளில் அவளைத் தகுதிநீக்கம் செய்கிறது விதி. எல்லா நாளும் ஒரேமாதிரி ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கவே முடியாத மனிதர்களிடம் ஒரேமாதிரி ஓடும்படி கேட்கிறது. ஏமாற்றிய பயிற்சியாளருக்கு விழ வேண்டிய அடி அவள் மேல் விழுகிறது. விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் டிவிஷனிங்கே சரிந்துவிடும். மாநிலப் போட்டி ஒன்றை மட்டும் பார்க்காமல், பயிற்சிக்கால நேரங்களையும் வட்டாரப் போட்டி நேரங்களையும் சேர்த்து முடிவெடுத்தால் பயந்தவளையும் பதுங்கியவரையும் பிரித்துப் பார்க்கலாம். அந்த ஏடுகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுபக்கத்து வழி எப்படி இருக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளோரை இப்படி ஓட்ட நேரத்தால் பிரிப்பது கிடையாது. தகுதி உள்ளவர்களில் யார் முதல் என்பதுதான் கேள்வி. 2000இல் சிட்னியில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை. குறைபாடு இல்லாமல் அணியில் ஆடிய கார்லோஸ் ரிபகோர்தா ஒரு பத்திரிகையாளர். அவரே அதை அம்பலப்படுத்தினார். பதக்கம் பறிபோனது. அதோடு முடியவில்லை: 2004இலும் 2008இலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த வாசலே அடைபட்டது. 2012 லண்டனில்தான் தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றில் மீண்டும் திறந்தது. அங்கே ஏமாற்றுக்காரர் பெயர்ப் பட்டியலில் நுழைந்தார். இங்கே ஸ்டாப்வாட்சில் நுழையப் பார்ப்பார். ஏமாற்று நுழையாத விளையாட்டு இல்லை என்பதால் டிவிஷனிங்கை மட்டும் இதற்காகத் தள்ளுவது நேர்மையாகாது.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மாநிலப் போட்டியிலிருந்து அடுத்த கட்டத்துக்கு யார் போவது? எல்லாப் பிரிவுத் தங்கக்காரர்களுக்கும் சம உரிமை. இடங்கள் குறைவு என்றால் குலுக்கல். 15 விநாடிக்காரரும் 40 விநாடிக்காரரும் ஒரே குடுவையில் சீட்டு. முதலில் கேட்டபோது இது அபத்தமாகப் பட்டது. யோசித்தால் வேறு எந்த முறை வைத்தாலும் டிவிஷனிங் பொய்யாகிவிடும் என்று தெரிகிறது. வேகமானவரை மட்டும் மேலே அனுப்பினால் மற்ற ஒன்பது தங்கங்களும் ஆறுதல் பரிசுகள் ஆகிவிடும். குலுக்கல் அந்தத் தங்கங்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அந்த 15 விநாடிக்காரருக்கு இதனால் நஷ்டம் உண்டு. மாநிலத்திலேயே வேகமானவன் நான் என்று அவர் சொல்லிக்கொள்ள இந்தப் போட்டியில் இடமே இல்லை. தெலங்கானாவின் வாரங்கல் பக்கத்திலிருந்து வந்த தீப்தி ஜீவன்ஜி 2024இல் ஜப்பானின் கோபேயில் 400 மீட்டரை 55.07 விநாடியில் ஓடி, அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான டி20 பிரிவில் உலகச் சாதனை படைத்தார்; அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அவரைப் போன்றவருக்கு வேண்டியது எட்டுப் பேர் பிரிவும் குலுக்கலும் அல்ல. தன்னைவிட வேகமானவரைத் தேடிப் போக ஒரு பாதை. அது பாராலிம்பிக் வழி. மாநிலப் போட்டி அந்த வழிக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிரிவுப் பதக்கங்கள் முடிந்த பிறகு, வேகமான எட்டுப் பேருக்கு ஒரு திறந்த இறுதிச் சுற்று வைத்தால் போதும். யாருடைய பதக்கத்தையும் அது குறைக்காது. அந்தச் சுற்றை வைக்கத் தயங்குவதில் எனக்கு ஒரு பயம் தெரிகிறது: இவர்களில் யாரோ ஒருவர் உண்மையிலேயே சிறந்தவர் என்று ஒப்புக்கொண்டால் விழாவின் இதம் கெட்டுவிடுமோ என்ற பயம்.

பதக்கக் கணக்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 அபுதாபி சிறப்பு ஒலிம்பிக் உலகப் போட்டியில் இந்தியாவுக்கு 368 பதக்கங்கள். 2023 பெர்லினில் 202. அதில் தங்கம் மட்டும் 76. பத்திரிகைகள் இரண்டையும் ஒலிம்பிக் பட்டியல் தோரணையில் அச்சிட்டன. அப்படியானால் நான்கே ஆண்டில் இந்தியா பாதியாகச் சரிந்துவிட்டதா? அபுதாபிக்குப் பெரிய அணி போனது, அவ்வளவுதான். எட்டுப் பேருக்கு மிகாத பிரிவில் மூன்று பேருக்குப் பதக்கம் என்றால், எத்தனை பேரை அனுப்பினோம் என்பதைத்தான் அந்த எண் பெரும்பாலும் சொல்லும். ஆளுக்கு ஆள் அளவு வைத்த போட்டியில் நாட்டுக்கு நாடு கூட்டல் போடுவது டிவிஷனிங்கைப் புரிந்துகொள்ளாததன் அடையாளம். மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் போடும் கூட்டலும் அதே ரகம்.

இந்த இயக்கத்தை வேரோடு மறுப்பவர்கள் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் கீத் ஸ்டோரி 2004இல் எழுதிய கட்டுரை அந்த மறுப்புகளில் கூர்மையானது. தனியே பிரித்து விளையாட வைப்பது சமூகத்திலிருந்து பிரிப்பதே. தன்னார்வலர்கள் ஒருநாள் வந்து போவதால் நட்பு வளராது. வளர்ந்தவர்களைக் குழந்தைகளாகவே காட்டும் படம்தான் மக்கள் மனத்தில் பதிகிறது என்பவை அந்த வாதத்தின் சாரம். ஓடி முடித்து வருபவரை எல்லாம் கட்டிப்பிடிக்கவென்றே ஒருகாலத்தில் முடிவுக்கோட்டில் ஆட்களை நிறுத்தினார்கள். நாற்பது வயது மனிதரை முன்பின் தெரியாத கல்லூரி மாணவர் கட்டிப்பிடிப்பதை வேறு எந்தத் தடகளப் போட்டியில் ஒப்புக்கொள்வோம்? இதில் ஸ்டோரி பக்கம்தான் நான். பிரித்துவைத்தல் பற்றிய வாதத்துக்கு இயக்கத்திடம் உள்ள பதில் யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்: குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில். பதில் சரியானது. ஆனால் மாநிலப் போட்டி நிரலில் அது இன்னும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டோரியின் தராசில் ஏறாத ஒன்றும் உண்டு. 1997 முதல் இந்தப் போட்டி மைதானங்களில் வீரர்களுக்குப் பல், கண், காது, பாதம் எல்லாம் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். உலகெங்கும் இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள். பல்வலியை வலி என்று சொல்லத் தெரியாதவரின் சொத்தைப் பல் ஓட்டப்பந்தயத்துக்கு வந்த இடத்தில் வெளிப்படுகிறது. இது மருத்துவமனைகளின் தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியைக் கண்டுபிடிக்கும் இடமாக மாநிலப் போட்டி ஆகியிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: போட்டியாக இது தேறுகிறது, விழாவாகத் தோற்கிறது. டிவிஷனிங்கும் குலுக்கலும் பெரிய விளையாட்டு அமைப்புகளே யோசித்துப் பார்க்காத நேர்மை உள்ளவை. அவற்றைச் சுற்றிக் கட்டிய கட்டிப்பிடிப்பும் பதக்கக் கூட்டலும் புன்னகைச் செய்தியும் அந்த நேர்மையையே மறைக்கின்றன. உச்சமுயற்சி விதியைத் திருத்த வேண்டும், திறந்த இறுதிச் சுற்று சேர்க்க வேண்டும், பதக்கத்தோடு நேரத்தையும் அச்சிட வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 30, விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. அந்த உரிமையை நம் மாநிலங்கள் எவ்வளவு காக்கின்றன என்று அளக்க விரும்புபவர் மேடைக்கு முன்னால் உட்கார வேண்டாம். போட்டிக்கு முந்தைய எட்டு வாரத்தின் பயிற்சி ஏட்டைக் கேட்டு வாங்கட்டும்.