மூச்சும் முதலாளியும்

கொரோனாப் பெருந்தொற்று உலகை உலுக்கிய 2020-ஆம் ஆண்டில் வீட்டுக் கதவுகள் மூடிக்கொண்டன. கைப்பேசித் திரைகள் திறந்துகொண்டன. திரையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "கண்ணை மூடு! மூச்சைக் கவனி! கவலை கரையும்!" இணையவழித் தியானம் இல்லந்தோறும் நுழைந்தது.

தியானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே, காவியும் கமண்டலமும் என எள்ளி ஒதுக்கிவிடலாமா? கூடாது, தோழர்களே! ஆராயாமல் ஏற்பது மூடநம்பிக்கை என்றால், ஆராயாமல் தள்ளுவது அதன் தம்பி!

'மைண்ட்புல்னெஸ்' எனப்படும் இப்பயிற்சியை, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியிலே, ஜான் கபாட்-சின் என்பார் எட்டு வாரப் பாடமாக வகுத்தார். பௌத்தத்திலிருந்து எடுத்தார், சடங்கை நீக்கினார், சோதனைக்கு இடமளித்தார். பாராட்டத்தக்கதே. தியானப் பயிற்சிகள் பற்றி, 3515 பேரிடம் நடத்தப்பட்ட 47 ஆய்வுகளை 2014-இல் மருத்துவ அறிஞர்கள் ஒருசேர எடைபோட்டனர். கண்ட முடிவென்ன? கவலையும் மனச்சோர்வும் ஓரளவு தணிகின்றன. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ தியானம் விஞ்சியது என்பதற்குச் சான்றில்லை. 'ஓரளவு' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் விற்பனையாளர்கள் விழுங்கிவிட்டனர்!

பெருந்தொற்றின் முதலாண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு பெருகின என்று 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. தனிமை, தொற்றச்சம், உற்றார் மறைவு, பணக்கவலை எனக் காரணங்களையும் அடுக்கிற்று. இவற்றுள் எது மூச்சிலே பிறந்தது?

2021 மே திங்களில் அமேசான் நிறுவனம் தன் கிடங்குத் தொழிலாளர்க்கு ஒரு பரிசு அறிவித்தது. ஒருவர் மட்டும் நுழையக்கூடிய பெட்டி போன்ற அறை. உள்ளே கணினித் திரை. திரையிலே மன அமைதிப் பயிற்சி. பெயர் 'அமாசென்'! விளம்பரப் படம் வெளிவந்ததும் உலகோர் நகைத்தனர், படம் மறைந்தது. வேலையின் வேகம் தாங்கவில்லை என்று முறையிட்டுவந்த தொழிலாளிக்கு, வேகம் குறையவில்லை, பெட்டி கிடைத்தது!

துன்பம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு என்று தேடிய பேரறிவாளர் புத்தர். அவர் வழியில் வந்த பயிற்சியை எடுத்துக்கொண்டனர். அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டனர். ஆசையே துன்பத்தின் வேர் என்றாரே புத்தர் என்பீர்கள். ஆம், யாருடைய ஆசை? ஒரு நாழிகை ஓய்வு கேட்கும் உழைப்பாளியின் ஆசையா? ஓயாத ஆதாயம் கேட்கும் முதலாளியின் ஆசையா?

அன்று, "உன் துன்பத்திற்கு உன் தலைவிதியே காரணம்" என்றனர். இன்று, "உன் மனநிலையே காரணம்" என்கின்றனர். சொல் மாறிற்று, சுமை மட்டும் அதே தோளில்!

உறக்கம் கெட்டவர் தியானத்தால் அமைதி பெறட்டும், தடையில்லை. நோய் முற்றியவர் மருத்துவரை நாடட்டும். ஆனால் கூலியும் ஓய்வும் பாதுகாப்பும் கேட்டு நிற்பவரிடம், கண்ணை மூடு என்பது மருத்துவமன்று, மறைப்பு! மூச்சைக் கவனிப்போம், அம்மூச்சை முட்டவைப்பது எது என்பதைக் கண்திறந்து கவனிப்போம்!