கிளுவை வேலிக்குள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு பார்த்தவுடன் மயக்கும் நிலமல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். சுற்றிலும் முள்கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல், மேயும் மாடு. இவ்வளவுதான் அதன் சொத்து. இந்தச் சிக்கனத்துக்குள் இருக்கும் நயமோ நின்று பார்ப்பவருக்குத்தான் கிட்டும்.

முதலில் வேலியைப் பாருங்கள். போத்து நட்டு வளர்த்த உயிர்வேலி இது. மேலே காளையும் தாண்ட முடியாத முள்ளடர்த்தி. அடியில் தூருக்குத் தூர் முயல் நுழையவும் கீரி ஊரவும் இடைவெளி. மாட்டுக்கு எல்லையாக நிற்கும் அதே வேலி முயலுக்கு வாசலாகவும் இருக்கிறது! கோடையில் இலையுதிர்த்து வெறும் முள்ளாய் நிற்கும். ஒரு மழை விழட்டும், தளிர்த்துவிடும். அந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் விரலில் மணம் தங்கும்.

உள்ளே மேயும் காங்கேயம் மாட்டின் நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாதத்தில் வெளுக்கத் தொடங்கும். பொலிகாளையானால் திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறும். அதன் முதுகில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். குளம்படி பட்டு வெட்டுக்கிளி எழும்பியதும் பாய்ந்து கவ்வி, மறுபடி அதே முதுகுக்கு வந்துவிடும்.

வெறுந்தரையில் ஆள்காட்டி முட்டையிடும். சரளையும் முட்டையும் ஒரே நிறம் என்பதால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. கடும் வெயிலில் தாய்ப்பறவை வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். பறவைக்கு இதைவிட நேர்த்தியான தாய்மை உண்டா?

ஆனால் கொறங்காட்டின் குரல் கௌதாரிதான். விடியலில் ஒன்று கூவ, அடுத்த காட்டிலிருந்து மறுகுரல் எழும். பிறகு வேலிக்கு வேலி அது பரவும். பழுப்பு உடம்பில் வரிவரியாக இழைத்த கோடுகள், சேவலின் காலில் கூரிய முள். ஆளைக் கண்டால் முதலில் ஓடும். நெருங்கினால்தான் படபடவென்று சிறகடித்து எழும். ஒரு காலத்தில் இங்கே கண்ணி வைத்தும், பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டும் பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன, அது சரியே. ஆனால் வேட்டைக்காரரின் கண் போற்றத்தக்கது. புழுதியில் கால்தடம் பார்த்து எது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவு அது. கண்ணி இல்லாமல் அந்தக் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்தால், கொறங்காடு தன்னைத் தானே காட்டும்.

உழாமல் விட்ட மண், வெட்டாமல் விட்ட மரம், மேய்ச்சலுக்கு இடையே ஓய்வு கொடுத்த புல்: மனிதர் கையடக்கிக்கொண்டதால் விளைந்த செழிப்பு இது. கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலி பழுதானால் கம்பிக்குப் போகாதீர்கள். இடைவெளி விட்ட இடத்தில் கிளுவைப் போத்தையே நடுங்கள். உங்கள் மாட்டோடு கௌதாரியும் பிழைத்துக்கொள்ளும்.