பாரதம் கேட்ட காதும் சீன நாவலும்

சீனச் செவ்வியல் நாவல்கள் என்றால் முதலில் நான்கு நூல்கள் சொல்லப்படும்: ‘மூன்று அரசுகள்’, ‘நீர்க்கரை’, ‘மேற்குப் பயணம்’, ‘சிவப்பு மாளிகைக் கனவு’. முதல் மூன்றும் மிங் ஆட்சிக்காலத்தில் நாவலாகத் திரண்டவை. அதற்கு முன்பே அந்தக் கதைகள் சந்தைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கதைசொல்லிகளின் வாயில் நெடுநாள் புழங்கின. அந்தப் பழக்கம் எழுத்திலும் தங்கிவிட்டது. ஒவ்வோர் இயலும் சிக்கலின் உச்சியில் நின்று, மீதியை அடுத்த இயலில் கேட்கச் சொல்லி முடியும். உரைநடைக்கு நடுவே பாட்டு வரும்.

மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் வட்டாரத்துத் தென்பெண்ணைக் கரை வாசகருக்கு இந்த அமைப்பு அந்நியமானதல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் ஒரே கதையைத் தொடர்ந்து கேட்கும் வழக்கம் இந்தப் பகுதியில் வேரூன்றியது. கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னிருந்தே தம் பெருமையைப் பாடிவிட்டுத்தான் சபைக்கு வருவார். ‘மூன்று அரசுகள்’ நாவலில் குவான் யூ என்ற வீரன் முதன்முதலாக வரும்போதும் உயரம், நீண்ட தாடி, சிவந்த முகம் எல்லாம் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

புதிய வாசகரைத் திணறடிப்பவை பெயர்கள். ஒரே ஆளுக்கு இயற்பெயர், வயது வந்தபின் சூட்டும் பெயர், பட்டப்பெயர் என்று பல உண்டு. அதே நாவலில் வரும் சூகே லியாங்தான் கொங்மிங் என்பது பிடிபடச் சில இயல்கள் ஆகும். அர்ச்சுனனே பார்த்தன், விசயன், தனஞ்சயன் என்று கேட்டுப் பழகியவருக்கு இது பெரிய தடையாகாது.

தொடங்குவதற்கு ஏற்றது ‘மேற்குப் பயணம்’. 100 இயல்கள் கொண்ட இதன் மூலக்கரு, 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் பயணம். அவர் பல்லவர் தலைநகரான காஞ்சிக்கும் வந்தவர். ஆனால் நாவலில் காஞ்சி இல்லை. துறவியைவிட அவருடைய சீடன் சுன் வுகோங் என்ற குரங்குதான் கதையை ஆள்கிறது. அனுமனே இந்தக் குரங்குக்கு மூலம் என்று 1923இல் சீன அறிஞர் ஹு ஷி கருதினார். எழுத்தாளர் லூ சுன் சீனத் தொன்மத்திலேயே மூலத்தைக் கண்டார். வாதம் இன்றும் ஓயவில்லை. அனுமன் தரப்புக்கு வலுச்சேர்ப்பதுபோல, 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த சுவான்சோ துறைமுக நகரில், 13ஆம் நூற்றாண்டுப் பௌத்தக் கோபுரம் ஒன்றில் குரங்கு வீரனின் சிற்பம் உள்ளது.

நாவலின் கிண்டலுக்கு 98ஆம் இயல் நல்ல சான்று. எண்ணற்ற இடர்களைக் கடந்து புத்தரின் இடத்தை அடைந்தவர்களிடம், சுவடிகளை எடுத்துக் கொடுக்கும் ஆனந்தரும் காசியபரும் அன்பளிப்பு கேட்கிறார்கள். எதுவும் தராததால் கிடைத்த சுவடிகளில் எழுத்தே இல்லை. குரங்கு போய் முறையிட்டால், சுவடிகளைச் சும்மா கொடுக்க முடியாது என்று புத்தரே சிரிக்கிறார். கடைசியில் துறவி தம் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்த பிறகே எழுதிய சுவடிகள் கைக்கு வருகின்றன.

சீனத்திலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தவை குறைவு. பழங்கவிதைத் தொகுப்பான ‘ஷி ஜிங்’கிலிருந்து பயணி என்பவர் மொழிபெயர்த்த பாடல்கள் அவற்றில் முக்கியமானவை. தற்கால நாவலான ‘ஓநாய் குலச்சின்னம்’ சி. மோகன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலம் வழியே வந்தது. நான்கு பெருநாவல்களை முழுமையாகப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே நாட வேண்டியிருக்கிறது. ‘மேற்குப் பயண’த்துக்கு ஆர்தர் வேலியின் 1942ஆம் ஆண்டுச் சுருக்கம் எளிய வாசல், 30 இயல்களே கொண்டது, பாட்டுகள் பெரும்பாலும் விடுபட்டவை. பாட்டோடு முழுக்கதையும் வேண்டுவோருக்கு ஆந்தனி யூவின் நான்கு தொகுதிகள் உள்ளன. அடுத்து மாஸ் ராபர்ட்ஸ் மொழிபெயர்த்த ‘மூன்று அரசுகள்’.

‘சிவப்பு மாளிகைக் கனவு’ கடைசியில் படிக்க வேண்டியது. 18ஆம் நூற்றாண்டில் சாவ் சுயேசின் எழுதியது. 80 இயல்கள் கைப்பிரதியாக உலவி, 1791இல் 120 இயல்களாக அச்சேறியது. இயல் முடிவில் கதைசொல்லியின் குரல் இதிலும் கேட்கும். ஆனால் போர் இல்லை, சாகசம் இல்லை. நொடித்துப்போகும் ஒரு பெரிய குடும்பத்தின் விருந்து, மருந்து, கவிதைப் போட்டி, மாமியார் மருமகள் கணக்கு வழக்கு என்று நிதானமாக நகரும். இங்கே பாரதம் கேட்ட பழக்கம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். டேவிட் ஹாக்ஸ், ஜான் மின்ஃபோர்ட் மொழிபெயர்ப்பை எடுப்பவர்கள் குடும்ப உறவுப் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.