விக்கிரக மறுப்பும் தன்னல மறுப்பும்: வேதநாயகம் சாஸ்திரியாரை மீண்டும் வாசித்தல்

விக்கிரகங்களை விட்டு மெய்யான தேவனிடம் திரும்புதல் என்பது தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையில் முதன்முதல் ஒலித்த செய்திகளுள் ஒன்றாகும். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள அச்சகம் வெளியிட்ட தமிழ்ச் சிறுநூல்களுள் ஒன்று அக்கியானத்தைக் குறித்ததே. அன்று தொடங்கிய அப்பிரசங்கம் இன்றும் நம் பிரசங்க மேடைகளில் ஓயவில்லை. ஆயின், விக்கிரகத்தை மறுத்தவன் தன்னலத்தையும் மறுத்துவிட்டானா என்னும் கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை காணத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் எழுத்துக்களைக் காட்டிலும் தகுந்த சான்று தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இல்லை எனலாம். அவற்றை நாட்றம்பள்ளி போன்றதோர் ஊரின் பிரசங்க மேடையிலிருந்து வாசித்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அரசனுக்கு அஞ்சாத புலவர்

சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் கல்வி பயின்றவர். பெத்லகேம் குறவஞ்சியும் செபமாலையும் ஞான ஏத்தப்பாட்டும் அவர் திருச்சபைக்கு விட்டுச் சென்ற செல்வங்களுள் சில. அவருடைய கீர்த்தனைகள் பாடப்படாத தமிழ்ச் சபை இன்று அரிது. சரபோஜி மன்னர் தம் பெருங்கோயில் தெய்வத்தின் மீது ஒரு குறவஞ்சி பாடும்படி கேட்க, கிறிஸ்துவையன்றி வேறொருவரைப் பாடேன் என்று அவர் மறுத்ததாக அவரது வரலாற்றில் கூறப்படுவதுண்டு. ஆதரிக்கும் அரசனிடமே இவ்வாறு மறுத்துரைப்பது எளிய செயலன்று. பிழைப்பையே பணயம் வைத்த விசுவாசம் அது.

சாஸ்திரக் கும்மி என்னும் நூலில் இவ்விசுவாசம் சமுதாயத் திறனாய்வாக வடிவெடுக்கின்றது. சகுனம், நாள் பார்த்தல், சோதிடம் முதலிய மூட நம்பிக்கைகளை அந்நூல் கண்டிக்கிறது. புறச் சமயத்தாரை மட்டும் அது குறிவைக்கவில்லை என்பது போற்றத்தக்கது. திருமுழுக்குப் பெற்ற பின்னும் அவ்வழக்கங்களை விடாத கிறிஸ்தவர்களையும் அது இடித்துரைக்கிறது. பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியைக் கண்டனத்திற்குக் கருவியாகக் கொண்டமையால், அச்செய்தி படித்தவர் கூட்டத்தைத் தாண்டி வீட்டு முற்றத்திற்கும் சென்றது. இதுவரை நாம் குறை காண இடமில்லை.

2. 1829-ஆம் ஆண்டின் மறுபக்கம்

1820-களில் தஞ்சைச் சபைக்கு வந்த இளைய மிஷனெரிமார், சாதி முறைமை சபைக்குள் தொடர்வதைப் பொறுக்கவில்லை. ஆலயத்தில் வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமுமாக அமர்வதும், திருவிருந்தில் முன்பின் பார்ப்பதும் ஒழியவேண்டும் என்றனர். இவ்வழக்கங்களுக்குத் தரங்கம்பாடி மூலவர்களே இடங்கொடுத்திருந்தனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது. வெள்ளாள குலத்தவராகிய சாஸ்திரியார் மிஷனெரிமாருக்கு எதிராக நின்று, 1829-இல் சாதியாசார சம்பாவினை என்னும் உரையாடல் நூலை இயற்றினார். சாதி என்பது உலக ஒழுங்கைச் சேர்ந்தது, விக்கிரக வணக்கத்தைச் சேர்ந்ததன்று. ஆதலின் விசுவாசத்திற்கு அது தடையன்று என்பது தஞ்சைச் சாதிக் கிறிஸ்தவர்கள் தரப்பின் சாரம்.

அத்தரப்பு எழுப்பிய முறையீடுகள் நான்கு. வழக்கிலிருந்த பப்ரீசியுஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதிகளை வற்புறுத்தி ஒன்றாக்குதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், தமிழ்ப் பாடல்களை ஆராதனையினின்று அகற்றுதல் ஆகியன அவை. இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியன்று. தமிழிசையைக் குறித்தும் மலரைக் குறித்தும் சாஸ்திரியார் கூறியது சரி என்பதைக் காலம் மெய்ப்பித்துவிட்டது. மணவீட்டுப் பூவில் விக்கிரகத்தைக் கண்ட மிஷனெரி, தன் நாட்டு வழக்கத்தையே சுவிசேஷம் என்று மயங்கினான். அவனும் ஒரு விக்கிரகத்தைச் சுமந்தே கப்பலேறி வந்தான்.

ஆனால் சாதி இருக்கையைக் குறித்த முறையீடு வேறு இனத்தைச் சேர்ந்தது. பூ ஒருவனையும் ஓரத்திற்குத் தள்ளுவதில்லை. பாட்டு ஒருவனையும் தாழ்த்துவதில்லை. தனித்த இருக்கையோ உடன் விசுவாசியின் மானத்தை விலையாகக் கொண்டே நிலைபெறுகிறது. நான்கையும் 'நம் ஆசாரம்' என்னும் ஒரே சொல்லால் கட்டியதில்தான் நூலின் பிழை இருக்கிறது. நியாயமான மூன்று முறையீடுகளின் நிழலில் நியாயமற்ற ஒன்று ஒதுங்கிக்கொண்டது. தன்னலம் எப்பொழுதும் இவ்வாறே வாதிடும். அது தனித்து வராது, நல்ல காரணங்களோடு கைகோத்தே வரும்.

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் முற்றும் ஒழிக்கும்படி கட்டளை பிறப்பித்தார். தஞ்சையில் பலர் அதற்கு இணங்கவில்லை. கட்டளையால் இருக்கைகள் மாறலாம், உள்ளம் மாறிவிடாது என்பதை அதன் பின்வந்த வரலாறு காட்டுகிறது. அரசன் கேட்டும் தெய்வப் பாடலைப் பாட மறுத்த அதே உள்ளம், ஆலயத்துப் பாயின் ஓரிடத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது. புறத்து விக்கிரகத்தை மறுப்பதைக் காட்டிலும் அகத்து விக்கிரகத்தை அடையாளங்காண்பது கடினம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எசேக்கியேல் தீர்க்கதரிசி 14-ஆம் அதிகாரத்தில் இருதயத்தில் விக்கிரகங்களை நிறுத்திக்கொண்ட மூப்பர்களைக் கண்டிக்கிறார். அவர்கள் தேவனை விசாரிக்க வந்தவர்கள் என்பது அங்கே நாம் கவனிக்கவேண்டியது.

3. தோல் பதனிடுபவன் வீட்டில் கிடைத்த தரிசனம்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், வாணியம்பாடிக்கு மேற்கே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்தது நாட்றம்பள்ளி. 1853-இல் ஸ்கடர் சகோதரர் நிறுவிய ஆற்காடு மிஷன் வேலூர் வட்டாரத்திலும், 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் ஊழியம் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலும் சபைகளை எழுப்பின. சுற்றிலும் தோல் தொழில். செத்த மாட்டையும் அதன் தோலையும் காரணங்காட்டி ஒரு மக்கட் கூட்டத்தையே தீட்டென்று ஒதுக்கிய நாட்டில், அத்தோலையே பிழைப்பாகக் கொண்ட வட்டாரம் இது. இங்கே வாசிக்கும்பொழுது அப்போஸ்தலர் நடபடிகள் 9, 10-ஆம் அதிகாரங்கள் புதுப்பொருள் தருகின்றன.

பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். லூக்கா அவன் தொழிலைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது வீணன்று. பிணத்தையும் கல்லறையையும் தோல் பதனிடும் இடத்தையும் ஊரைவிட்டு ஐம்பது முழத்திற்கு அப்பால் வைக்கவேண்டும் என்று யூதரின் மிஷ்னா விதிக்கின்றது. அவ்வீட்டு மேல்மாடியில் நின்றுகொண்டுதான், தீட்டானது எதனையும் நான் ஒருக்காலும் புசித்ததில்லை என்று பேதுரு ஆண்டவரிடமே வாதிடுகிறான். வலையையும் படகையும் விட்டவன், தோற்காரன் வீட்டில் உறங்கி எழுந்தவன், தன் தூய்மை என்னும் பெருமையை மட்டும் இன்னும் விட்டபாடில்லை. கொர்நேலியுவின் வீட்டில்தான், தேவன் ஆள்பார்ப்பவர் அல்லர் என்னும் உண்மை அவனுக்கு விளங்கிற்று. அதன் பின்னும் அந்தியோகியாவில் அவன் பந்தியினின்று விலகிக்கொண்டதையும் பவுல் முகத்துக்கு முன்பாக அவனைக் கண்டித்ததையும் கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆதலின், உண்மையைத் தேடுதல் ஒருநாள் மனந்திரும்புதலோடு முடிவதன்று. மேலும், கண்டிக்கும் உடன் ஊழியன் ஒருவன் அருகில் இல்லாவிடில் அப்போஸ்தலனும் வழுவுவான்.

சாஸ்திரியாரை நாம் தள்ளிவிட வேண்டுவதில்லை. அவரைப் பேதுருவின் வரிசையில் நிறுத்தி வாசிப்பதே நீதி. அவரது கும்மியின் வாரிசென அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவுவைக் குறிப்பிடலாம். பரட்டை என்று மாணாக்கர் அன்புடன் அழைத்த அவரும் நாட்டார் வடிவத்தையே ஆராதனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் சாஸ்திரியார் விட்டுவைத்த இடத்திலிருந்தே அவர் தொடங்கினார். பறையும் ஓர் உலைச் சோறும் அவருடைய இறையியலில் திருவிருந்தோடு இணைந்தன. தமிழ்ப் பண்பாட்டைக் காத்தல் வேறு, அதனுள் ஒளிந்திருக்கும் மேலாண்மையைக் காத்தல் வேறு என்பதை இவ்விருவரையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணாக்கன் எளிதில் உணர்வான்.

4. பொருளாசை என்னும் விக்கிரகம்

கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் பொருளாசையையே விக்கிரகாராதனை என்று பெயரிடுகிறார். பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இது உவமையன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தொழில், 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்ட பின், குரோம் முறைக்கு விரைந்து மாறிற்று. கழிவு நீர் கிணறுகளிலும் வயல்களிலும் இறங்கிற்று. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்து, மாசு செய்பவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிற்று. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைக் குறித்துத் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் நம் பிரசங்கங்கள் எவ்விக்கிரகத்தைக் கண்டித்தன? பெரும்பாலும் அடுத்த தெருவின் கோயிலையே கண்டித்தன. நாமும் அவ்வாறு பிரசங்கித்ததுண்டு. அதைக் கேட்டுச் சபையார் தலையசைத்தனர். எவரும் ஒன்றையும் இழக்கவில்லை. கேட்பவனுக்கு இழப்பில்லாத விக்கிரக மறுப்பு, 1829-ஆம் ஆண்டு நூலைப் போலவே, தன்னலத்திற்கு அரணாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தோல் தொழிலின் கூலியால் உலையேற்றும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் உண்டு. நீர் கெட்டுப் பயிர் இழந்த உழவர்களும் உண்டு. தொழிற்சாலையை மூடுக என்று மேடையினின்று முழங்குவது எளிது; அதன் விலையைச் செலுத்துபவன் போதகன் அல்லன், தினக்கூலிதான். ஏழையின் அன்றாட அப்பத்தை மாம்மோன் என்று ஏசுவது உண்மையைத் தேடுதல் ஆகாது. ஆற்றின் கேட்டால் ஆதாயம் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று கேட்பதே தீர்க்கதரிசனப் பணி. அக்கேள்வியைக் கேட்கும்பொழுது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்பவரின் முகம் கோணலாம். போதகருக்குச் சோதனை அவ்விடத்தில்தான் வருகிறது.

5. முடிவுரை

இதுவரை கண்டவற்றினின்று, பிரசங்கத்தை ஆயத்தம் செய்யும் மாணாக்கர்க்கு மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம். நாம் கண்டிக்கும் விக்கிரகம் நம்முடையதா, பிறருடையதா? நாம் காக்க விரும்பும் ஆசாரத்தின் விலையைச் செலுத்துகிறவர் யார்? அவ்விலையைச் செலுத்துகிறவரிடம் நாம் எப்பொழுதாவது கேட்டதுண்டா? மூன்றாவது கேள்வியே தலையாயது. எது பண்பாடு, எது விக்கிரகம் என்று தீர்ப்பிடும் அதிகாரத்தையும் நாமே வைத்துக்கொண்டால், அத்தீர்ப்பும் நமக்குச் சாதகமாகவே முடியும். 1829-இல் ஓரத்துப் பாயில் அமர்ந்தவர்களின் சொல் எந்நூலிலும் முதன்மையாக இடம்பெறவில்லை. சாஸ்திரியார் அவர்களுக்காகப் பேசவில்லை. மிஷனெரிமாரோ அவர்களைக் குறித்துப் பேசினர்.

உண்மையைத் தேடுகிறவன், அது தனக்கு எதிராகவே தீர்ப்பிடலாம் என்னும் ஆயத்தத்தோடு தேடவேண்டும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாம் தொடர்ந்து பாடுவோம். பாடும்பொழுது நமக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்பவர் யார் என்றும் நோக்குவோம். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சுவர் நிற்கும் சபை ஒன்று இருக்குமாயின், அச்சபையில் அடுத்த தெருவின் கோயிலைக் குறித்த பிரசங்கத்தைச் சிறிது காலம் நிறுத்திவைப்பது நலம்.